கிணற்றடியில் நின்றவள்

என் வயதுக்காரர்கள் எல்லோருக்கும் ஒன்று சொல்லி வைக்கிறேன். பிள்ளைகள் வெளிநாட்டுக்குக் கூப்பிட்டால் தாராளமாகப் போய்விட்டு வாருங்கள். மியூசியத்துக்குக் கூப்பிட்டால் மட்டும் முட்டி வலிக்கிறது என்று சொல்லி ரூமிலேயே படுத்துவிடுங்கள். எனக்கு அந்தப் புத்தி இல்லை. மகனும் மருமகளும் ஆசையாகக் கூப்பிடுகிறார்களே என்று ரோம், ஏதென்ஸ், அப்புறம் அவர்கள் குடியிருக்கிற ஜெர்மனி என்று ஊர் ஊராகப் பளிங்குத் தரையில் ஷூவைப் போட்டுக்கொண்டு நடந்தேன். திரும்பி வந்து இத்தனை நாளாகியும் முட்டி சரியாகவில்லை. முட்டி கிடக்கட்டும், தைலம் இருக்கிறது. அங்கேயிருந்து இன்னொன்றும் கூடவே வந்துவிட்டது. அதற்கு என்ன தேய்ப்பது என்று தெரியாமல்தான் உங்களிடம் சொல்ல உட்கார்ந்திருக்கிறேன்.

அந்த ஊர்களில் முதல் நாளே எனக்குப் பிடிபடாத விஷயம், உடைந்ததை எல்லாம் எதற்கு வைத்திருக்கிறார்கள் என்பதுதான். மூக்கில்லாத தலைகள் வரிசையாக இருக்கின்றன. தலையில்லாத உடம்புகள் நிற்கின்றன. ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் வெறும் பாதம், அதுவும் கட்டைவிரல் போன பாதம். அதற்கு மேலே தனியாக ஒரு விளக்கு. ஜனம் அதையும் குனிந்து பார்த்துவிட்டுப் போகிறது. நம் பக்கத்தில் சாமி படத்துக் கண்ணாடி கீறல் விட்டால்கூட வீட்டில் வைக்கமாட்டோம். அரச மரத்தடியில் கொண்டுபோய் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுவோம். நான் மகனிடம், “ஏலே, நல்லதா ஒண்ணுகூட இல்லையா இவங்ககிட்ட?” என்று கேட்டேன். அவன் சிரித்தான். மருமகள் சிரிக்கவில்லை. பாவம், அவள்தான் டிக்கெட்டெல்லாம் பார்த்துப் பார்த்துப் போட்டவள்.

ஏதென்ஸில் ஒரு கூடத்துக்குள் நுழைந்தோம். நடுக்கூடத்தில் ஒரு பளிங்குப் பொம்பளை நின்றாள். இரண்டு கையும் முன்னால் நீட்டியபடி இருந்தது. மணிக்கட்டுக்கு அப்பால் ஒன்றும் இல்லை. அவளைச் சுற்றிச் சிவப்புக் கயிறு கட்டி, பக்கத்தில் யூனிபார்ம் போட்ட ஒரு காவல்காரப் பெண் நின்றாள். அங்கிருந்த மர பெஞ்சில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மருமகள் பதறிப்போய்த் தண்ணீர் பாட்டிலைத் திறந்தாள். எனக்கு மயக்கமெல்லாம் இல்லை. எங்கள் கிணற்றடிதான் ஞாபகம் வந்துவிட்டது.

சங்கரன்கோவிலில் நாங்கள் இருந்தது தறிக்காரத் தெரு. அப்பாவின் விசைத்தறிகள் வீட்டை ஒட்டின ஷெட்டில் ஓடும். அந்தச் சத்தத்தில் எங்களுக்கு நல்ல தூக்கம் வரும், அது நின்றால்தான் முழிப்பு வரும். கரண்ட் போய்விட்டது என்று அர்த்தம். கஞ்சி போட்ட பாவு நூலின் புளித்த வாசமும் மிஷின் எண்ணெய் வாசமும் சோற்றோடு சேர்ந்தே உள்ளே போகும். அம்மா ரசத்தில் மிதக்கும் பஞ்சுத்தூசியை ஊதிவிட்டுப் பரிமாறுவாள். ஆடித்தபசுக்கு ஊரெல்லாம் கூட்டம் வந்து நெரியும்போதுதான் தறி நிற்கும். அன்றைக்குத்தான் எங்கள் வீட்டில் ஒருவர் பேசுவது இன்னொருவருக்குச் சரியாகக் காதில் விழும்.

வீட்டுப் பின்வாசலைத் திறந்தால் தெரு அம்மன் கோயிலின் கிணறு. அந்தக் கிணற்றுச் சுவரில் சாய்ந்தபடி ஒரு கல் பொம்பளை நின்றாள். அப்போது என் உயரம் இருப்பாள். எங்கிருந்து வந்தாள், யார் கொண்டுவந்து வைத்தார்கள் என்று தெருவில் ஒருவருக்கும் தெரியாது. பக்கவாட்டில் சாய்த்துப் போட்ட கொண்டை, தோளைத் தொடும் காது, இடுப்புச் சேலையில் ஒவ்வொரு மடிப்பும் தெரியும். இரண்டு கையையும் எதையோ ஏந்துகிற மாதிரி முன்னால் நீட்டியிருப்பாள். ஆனால் மணிக்கட்டோடு இரண்டும் உடைந்துபோய், ஏந்துவதற்கு ஒன்றும் இல்லாமல் இருக்கும். தெருவில் அவளுக்கு மூளி என்று பெயர். தண்ணீர் இறைக்க வருகிறவர்கள் இறைத்து முடித்ததும் கயிற்றுச் சுருளை அவள் கையில் மாட்டிவிட்டுப் போவார்கள். ஈரக் கயிறு உரசி உரசி அந்த இடம் மட்டும் வழுவழு என்று கறுத்திருக்கும். நாங்கள் பள்ளிக்கூடம் விட்டு வந்து மஞ்சள் பையை இன்னொரு கையில் மாட்டிவிட்டு விளையாடப் போவோம்.

அவள் வலது தோளில் ஒரு மேடு உண்டு. நான் பல்லி என்பேன், அக்கா கிளி என்பாள்.

“பல்லின்னா தலை கீழ பாத்துலா கெடக்கும்? இது நிமிந்து உக்காந்திருக்கு பாரு. கிளிதாட்டி.”

இதற்கு நாங்கள் சண்டை போட்டு, அம்மா வந்து இரண்டு பேர் முதுகிலும் வைத்திருக்கிறாள்.

அக்கா என்னைவிடப் பெரியவள். பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டு ஷெட்டில் தார் சுற்றிக்கொண்டிருந்தாள். தறிக்கு ஊடு நூல் குச்சியில் சுற்றிக் கொடுக்கிறதுதான் தார். அவள் விரல் போகிற வேகத்துக்கு நம் கண் போகாது. கோயில் கொடைத் திருவிழாவுக்கு முளைப்பாரி போட்டால் அவள் முளைப்பாரிதான் அடர்த்தியாக வரும், ஊர்வலத்தில் அவளைத்தான் முதலில் நிறுத்துவார்கள். திருவேங்கடத்தில் ஒரு வீட்டிலிருந்து பெண் கேட்டு வந்திருந்தார்கள். ஆடி கழியட்டும் என்று பேசி வைத்திருந்தார்கள். அந்த மாப்பிள்ளை எப்படியிருப்பார் என்று அக்கா ஒரு நாள்கூடக் கேட்டதில்லை. ஆனால் தார் சுற்றும்போது காரணமில்லாமல் சிரிப்பாள்.

அந்த ஆடியில்தான் அவள் கை போனது. கீழே விழுந்த தார்க்குச்சியை எடுக்கக் குனிந்தவள், எழுந்திரிக்கும்போது பிடிமானத்துக்கு வலது கையை ஊன்றியிருக்கிறாள். ஊன்றிய இடம் ஓடிக்கொண்டிருந்த பெல்ட். நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது தறிச் சத்தம் இல்லை. வாசலில் செருப்புகள் கிடந்தன. பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள் என்று சொன்னார்கள். திரும்பி வந்தபோது வலது மணிக்கட்டோடு கட்டுப்போட்டிருந்தது. அப்பா அதற்கப்புறம் பெல்ட்டுகளுக்கு எல்லாம் தகரத்தில் கூடு அடித்துப் போட்டார். நல்ல கனமான தகரம். அதை அடிக்கிற சத்தத்தை அக்கா திண்டில் சாய்ந்து கேட்டுக்கொண்டே கிடந்தாள். அந்தத் தகரம் அதற்கு முன்னாலும் கடையில் இருந்ததுதானே.

திருவேங்கடத்துக்காரர்கள் சண்டையெல்லாம் போடவில்லை. ஆடி கழிந்தது, ஆவணி கழிந்தது, வரவில்லை. அவ்வளவுதான்.

அக்கா வலது கையை முந்தானைக்குள் வைத்துக்கொள்ளப் பழகினாள். யார் வந்தாலும் உள்ளே போய்விடுவாள். பொழுது சாயும்போது மட்டும் பின்வாசல் வழியாகக் கிணற்றடிக்குப் போவாள். ஒரு நாள் நான் பின்னாலேயே போய்ப் பார்த்தேன். மூளியின் முன்னால் அகல் விளக்கை வைத்து எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தாள். தீப்பெட்டியை வலது முழங்கை மடிப்பில் இடுக்கிக்கொண்டு இடது கையால் குச்சியை உரசினாள். ஒடிந்தது. இன்னொன்றை எடுத்தாள், அதுவும் ஒடிந்தது. நான் போய்ப் பெட்டியை வாங்கப் பார்த்தேன். “தள்ளி நில்லுட்டி. நான் பத்தவைக்கேன்” என்றாள். தரையெல்லாம் ஒடிந்த குச்சிகள். கடைசியில் பற்றியது. அந்த வெளிச்சத்தில் மூளியின் முகத்தை அன்றைக்குத்தான் சரியாகப் பார்த்தேன். ஒரு பக்கம் கன்னம் தேய்ந்து போயிருந்தாலும் லேசாகச் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.

அதிலிருந்து தினமும் விளக்கு. இரண்டு பேரும் என்ன பேசிக்கொண்டார்களோ தெரியாது. விளக்கு வைத்துவிட்டு வந்தால்தான் அக்கா சாப்பிடுவாள். கயிற்றை மூளியின் கையில் மாட்டுகிறவர்களிடம், “சுவத்துல ஆணி அடிச்சிருக்குல்லா, அங்கன மாட்டுங்களேன்” என்று சொல்ல ஆரம்பித்தாள். அவர்கள் சிரிக்க வாயெடுத்துவிட்டு, அக்காவைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டு ஆணியில் மாட்டிவிட்டுப் போனார்கள். யாரோடும் பேசாமல் இருந்த பிள்ளை அதற்காவது பேசினாளே என்று அம்மாவுக்குச் சந்தோஷம். ஐப்பசியில் அக்கா மறுபடியும் ஷெட்டுக்குப் போய் இடது கையால் தார் சுற்றிப் பார்த்தாள். நூல் அறுந்து அறுந்து போயிற்று. ஆனாலும் உட்கார்ந்தாள்.

அப்படியே விட்டிருக்கலாம். யார் விட்டார்கள்?

அந்த வருஷம் தெரு அம்மன் கோயிலுக்குத் தை மாதம் கும்பாபிஷேகம் என்று முடிவானது. அப்பாதான் கமிட்டித் தலைவர். சாரம் கட்டி, கோபுரத்தில் சுதை வேலைக்கு ஒரு ஸ்தபதியைக் கூட்டி வந்திருந்தார்கள். தெருவே சுண்ணாம்பு வாசத்தில் கிடந்தது. அப்போதுதான் என் அத்தை, அப்பாவின் கூடப்பிறந்தவள், கரிவலம்வந்தநல்லூரிலிருந்து வந்து எங்கள் வீட்டில் தங்கினாள். வந்த அன்றைக்கே பின்வாசலில் அகல் விளக்கைப் பார்த்துவிட்டாள்.

கன்னிப்பிள்ளை, அதுவும் இந்த நிலைமையில் இருக்கிற பிள்ளை, மூளியான சிலைக்கு விளக்குப் போடலாமா என்று அம்மாவைப் பிடித்துக்கொண்டாள். பின்னமான சாமியைக் கும்பிட்டால் கும்பிடுகிறவர்களுக்கும் பின்னம்தான் வரும், அதனால்தான் கையும் போச்சு, சம்பந்தமும் போச்சு என்றாள். கை போன பிறகுதான் விளக்கே வைக்க ஆரம்பித்தாள் என்பது எனக்கே தெரியும், நான் அப்போது சின்னப்பிள்ளை. பெரியவர்கள் ஒருத்தருக்கும் தெரியவில்லை. அத்தை பேச ஆரம்பித்தால் எது முன்னால், எது பின்னால் என்பதெல்லாம் நிற்காது. அம்மா அழுதாள். அப்பா அன்றைக்குச் சாப்பிடவில்லை.

மறுநாள் அப்பா கோயிலுக்குப் போனபோது நானும் ஸ்தபதிக்கு டீத் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு கூடப் போனேன். ஸ்தபதி சாரத்தின் மேலே உட்கார்ந்து ஒரு பூதத்துக்குக் கண் வைத்துக்கொண்டிருந்தார். அப்பா கீழே நின்று அண்ணாந்து கேட்டார், பின்னமான சிலை ஒன்று இருக்கிறது, வைத்துக்கொள்ளலாமா என்று.

“மூலவரா, பரிவாரமா?” என்று மேலேயிருந்து குரல் வந்தது.

“தெரியலையே. ஒரு அம்மன்.”

“அம்மன்னா பின்னம் ஆகாது முதலாளி. கும்பாபிஷேகத்துக்கு முன்ன ஜலத்துல சேத்துருங்க.”

சொல்லிவிட்டு அவர் பூதத்தின் கண்ணுக்குத் திரும்பிவிட்டார். டீயைக்கூடக் கயிற்றில் கட்டித்தான் மேலே இழுத்துக்கொண்டார். அவர் சொன்னது சாஸ்திரப்படி சரிதான். நான் அவரைக் குறை சொல்லவில்லை. ஆனால் சாரத்திலிருந்து இறங்கிக் கோயிலைச் சுற்றிப் பின்னால் வந்தால் கிணறு. வந்து ஒரு தடவை பார்த்துவிட்டுச் சொல்லியிருக்கலாம். அப்பாவாவது, வந்து பாருங்கள் என்று கூப்பிட்டிருக்கலாம். அம்மன் என்று அப்பா எதை வைத்துச் சொன்னார்? கல்லில் பொம்பளை இருந்தால் அம்மனாகத்தானே இருக்கும் என்று எங்கள் தெருவில் எல்லோரும் நினைத்ததை அவரும் நினைத்தார். அவ்வளவுதான் விசாரணை.

அக்காவுக்கு யாரும் சொல்லவில்லை. கடப்பாரையையும் கயிற்றையும் கிணற்றடியில் கொண்டுவந்து போட்டதைப் பார்த்துத்தான் அவளுக்குத் தெரிந்தது. சாயங்காலம் அப்பா தறி ஷெட்டிலிருந்து வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தார். அக்கா அவர் எதிரில் போய் நின்றாள். கை போனதிலிருந்து அவள் அப்பா முன்னால் நேருக்கு நேர் நின்றது அன்றைக்குத்தான்.

“யப்பா, அவ யாருக்கு என்ன செஞ்சா? ஒரு ஓரமாத்தான நிக்கா.”

அப்பா, அப்படியெல்லாம் வைத்துக்கொள்ளக்கூடாதாம் தாயி, பெரியவர்கள் சொல்லுகிறார்கள் என்றார்.

“கை போயிட்டா தூக்கிப் போட்டுரணுமா?”

அப்பா துண்டால் முகத்தைத் துடைத்தார். துடைத்த முகத்தையே மறுபடி துடைத்தார். “ஒனக்காவத்தான் செய்யுதேன் தாயி. ஒனக்கு ஒரு வழி பொறக்கணும்லா” என்றார். அவர் குரல் போன விதத்தைப் பார்த்து எனக்குப் பயமாகிவிட்டது. அம்மா நடுவில் வந்து, அந்த மனுசனை வேற கொல்லாத என்று அக்காவைத்தான் உள்ளே இழுத்துக்கொண்டு போனாள்.

அப்பா பொய் சொல்லவில்லை. இப்போது எனக்குப் பிள்ளைகள் வளர்ந்து பேரன் பேத்தி ஆன பிறகு அது எனக்கு நன்றாகத் தெரிகிறது. தன் தறியில் போன கைக்குத் தன்னால் என்ன செய்ய முடியும் என்று தெரியாமல் தவித்த மனுஷன், இதையாவது செய்தால் சரியாகிவிடாதா என்று செய்தார். மகளுக்கு இருந்த ஒரே துணையைத்தான் எடுத்துப் போடுகிறோம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. தோன்றியிருந்தாலும் தெருவுக்கு எதிராக நின்றிருப்பாரா என்று எனக்குத் தெரியாது.

விடிந்ததும் சூடம் கொளுத்தி, தேங்காய் உடைத்தார்கள். மரியாதையாகத்தான் செய்தார்கள், அதையும் சொல்லவேண்டும். புதுச் சேலை ஒன்றை அவள் இடுப்பில் சுற்றினார்கள். அப்புறம் கடப்பாரையைக் கொடுத்து நெம்பினார்கள். தலைவர் என்பதால் அப்பாதான் முதலில் கை வைத்தார். அவள் லேசில் அசையவில்லை. மண்ணுக்குள் பாதி பீடம் இருந்திருக்கிறது. ஒரு வழியாகச் சுவர் மேல் ஏற்றிக் கிணற்றுக்குள் சாய்த்தார்கள். அந்தச் சத்தத்தை என்னால் சொல்ல முடியாது. தண்ணீர் எங்கள் பின்வாசல் படி வரைக்கும் தெறித்தது. படியில் அக்கா நின்றாள். பாவாடையெல்லாம் நனைந்திருந்தது. அழவில்லை. முந்தானையைச் சுற்றிய வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கும்பாபிஷேகத்தன்றைக்குப் பால்குடம் எடுக்க எல்லாப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போனார்கள். அக்காவிடம் அத்தை ரொம்பப் பிரியமாக, வீட்டுக்கு ஒரு ஆள் வேணும்லா தாயி, நீ சாவியை வச்சுக்கோ என்றாள். மேளச்சத்தம் தெருமுனையில் திரும்பும்போது நான் திரும்பிப் பார்த்தேன். அக்கா வாசலில் இல்லை. அதன்பிறகு அவள் அந்தக் கோயிலுக்குள் போகவே இல்லை. வெட்கப்படுகிறாள் என்று ஊர் சொன்னது. எங்களுக்கும் அது சௌகரியமாக இருந்தது.

வழி பிறக்கும் என்று அப்பா சொன்னாரே, பிறக்கவில்லை. வந்த வரன்களெல்லாம் கையைப் பார்த்துவிட்டுப் போனார்கள். அப்பா போனார், அம்மா போனாள், இரண்டு பேரையும் கடைசிவரை பார்த்தது அக்காதான். என் மகனைத் தூக்கி வளர்த்ததும் அவள்தான். ஒரு கையால் அவனைக் குளிப்பாட்டி, தலை துவட்டி, பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவாள். எங்கள் வீட்டுக் கல்யாண ஆல்பங்களை எடுத்துப் பாருங்கள், ஒரு படத்திலாவது அவள் வலது கை இருக்காது. மூளியைப் போட்டதிலிருந்து அந்தக் கிணற்றுத் தண்ணீரை அவள் ஒரு நாளும் குடித்ததில்லை. தெருமுனை அடிபம்பில் இடது கையால் அடித்துக் கொண்டுவருவாள். எங்கள் யாருக்கும் ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை.

அப்புறம் போர்வெல் போட்டுப் போட்டுக் கிணறு வற்றியது. கோயில் வேலையில் மிஞ்சிய கல்லையும் மண்ணையும் கொட்டி மூடினார்கள். இப்போது அதன்மேல் கல்யாண மண்டபத்துச் சாப்பாட்டுக்கூடம். நான் எத்தனையோ பந்தியில் அங்கே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன். கால் மடக்கி உட்காரமுடியாமல் போனபிறகு டேபிள் போட்டார்கள், அதிலும் சாப்பிட்டிருக்கிறேன். பாயசம்கூட இரண்டாம் தடவை கேட்டு வாங்கியிருக்கிறேன்.

ஏதென்ஸில் அந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது இதெல்லாம் வந்துபோனது. மகனுக்குக் கொஞ்சம் சொன்னேன். அவன் உடனே, பெரியம்மாவுக்கு வீடியோவில் காட்டலாம் என்று போனை எடுத்தான். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஊரில் மத்தியானச் சாப்பாடு முடிந்த நேரம். அக்கா போனை முகத்துக்கு ரொம்பப் பக்கத்தில் வைத்திருந்தாள், நெற்றி மட்டும்தான் தெரிந்தது. மகன் போனைத் திருப்பி அந்தப் பளிங்குப் பொம்பளையைக் காட்டினான்.

“பக்கத்துல யாருட்டி நிக்கது?” என்றாள்.

காவலுக்கு ஆள் போட்டிருக்கிறார்கள், யாரும் தொடாமல் பார்த்துக்கொள்ள என்றேன்.

“கையில்லாதவளுக்கா?”

“ஆமாக்கா.”

அக்கா சிரித்தாள். தார் சுற்றும்போது சிரித்த பழைய சிரிப்பு. இன்னும் ஒரு தடவை காட்டச் சொன்னாள். பின்பக்கம், பக்கவாட்டில், எல்லாம் காட்டச் சொன்னாள். மகன் சுற்றிச் சுற்றி வந்து காட்டினான். காவல்காரப் பெண்ணே சிரித்துக்கொண்டு வழி விட்டாள்.

அதோடு ஊருக்கு வந்திருந்தால் நன்றாயிருக்கும். ஜெர்மனியில் ஒரு மியூசியத்தில் நம் நாட்டுச் சாமான்களுக்கு என்று ஒரு கூடம் இருக்கிறது, வந்ததற்கு அதையும் பார்த்துவிடுவோம் என்றாள் மருமகள். போனோம். நடராசர், பிள்ளையார் எல்லாம் இருந்தார்கள். செருப்புக்காலோடு அவர்கள் முன்னால் நிற்கக் கூச்சமாக இருந்தது. மூலையில் ஒரு கண்ணாடிக்குள் முழங்கால் உயரத்தில் ஒரு வெண்கலப் பொம்பளை. சாய்ந்த கொண்டை, தோளைத் தொடும் காது, இடுப்பில் மடிப்பு மடிப்பாகச் சேலை, வலது தோளில் நிமிர்ந்து உட்கார்ந்த ஒரு கிளி. இரண்டு கையையும் முன்னால் நீட்டியிருந்தாள். கைக்குள் ஒரு அகல்.

மருமகளை வாசிக்கச் சொன்னேன். அவள் வாசித்துத் தமிழில் சொன்னாள். தமிழ்நாடு, பாவை விளக்கு. இது தெய்வ உருவம் இல்லை. விளக்கு எரிப்பதாக நேர்ந்துகொண்ட ஒரு பெண், தன்னுடைய உருவத்தையே விளக்கு ஏந்துகிற மாதிரி செய்து கோயிலுக்குக் கொடுப்பது வழக்கம்.

“இன்னொரு தடவை வாசிம்மா” என்றேன். வாசித்தாள். எத்தனை தடவை வாசித்தாலும் அதேதான்.

சாமியே இல்லை. பின்னம், ஜலம், சாஸ்திரம் எதுவும் அவளுக்குச் சேராது. ஸ்தபதி இறங்கி வந்திருந்தால் பார்த்தவுடனேயே சொல்லியிருப்பார். இதை வைத்துக்கொண்டு நான் இப்போது யாரிடம் போவேன்? அப்பாவிடமா, அத்தையிடமா? ஊருக்கு வந்ததும் மனசு கேட்காமல் கமிட்டியில் இருக்கிற ஒன்றுவிட்ட அண்ணன் மகனிடம், அவளைத் தோண்டி எடுக்க முடியுமா என்று கேட்டுப் பார்த்தேன். அவன் நல்ல பிள்ளை, பொறுமையாகக் கேட்டான். டைல்ஸ் எல்லாம் போட்டாச்சே அத்தே, தூண் வேற அதுமேலதான நிக்கு என்றான். அவன் சொல்லுவதும் நியாயம்தான்.

அக்காவிடம் சொல்லவேண்டாம் என்றுதான் நினைத்தேன். சொல்லி என்ன ஆகப்போகிறது? ஆனால் போனில் இருந்த படங்களை எல்லாம் பார்க்கவேண்டும் என்று அவளே கேட்டாள். நேற்றுச் சாயங்காலம் போனை மடியில் வைத்து இடது கட்டைவிரலால் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டு வந்தாள். மூக்கில்லாத தலைகளுக்குச் சிரித்தாள். அந்த வெண்கலப் பொம்பளை வந்ததும் விரல் நின்றுவிட்டது.

“கிளிதான்னு அன்னைக்கே சொன்னேம்லா” என்றாள்.

அப்புறம் இன்னும் குனிந்து பார்த்தாள்.

“கையில வெளக்கா வச்சிருந்தா?”

“ஆமாக்கா.”

“இது எந்தச் சாமி?”

அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் மறைக்க முடியவில்லை. சாமி இல்லையாம் அக்கா, விளக்கு நேர்ந்துக்கிட்ட யாரோ ஒரு பொம்பளையாம் என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டு என்னையறியாமல், “மனுஷின்னு தெரிஞ்சிருந்தா அன்னைக்குப் போட்டிருக்க மாட்டாவக்கா” என்றும் சொன்னேன்.

அக்கா அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். போனில் வெளிச்சம் அணைந்தது. விரலால் தட்டி மறுபடி பார்த்தாள்.

“மனுஷின்னா மட்டும் விட்டு வச்சிருப்பாவளாக்கும்” என்றாள்.

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. உப்பு குறைகிறது என்று சொல்லுவோமே, அந்த மாதிரிச் சொன்னாள். போனை என்னிடம் கொடுத்துவிட்டு, முட்டியில் கையை ஊன்றி எழுந்தாள். பொழுது சாய்ந்துவிட்டிருந்தது. உள்ளே விளக்கு மாடத்துக்கு முன்னால் தீப்பெட்டியை முழங்கை மடிப்பில் இடுக்கிக்கொண்டு குச்சியை உரசுகிற சத்தம் கேட்டது. ஒன்று ஒடிந்தது. எழுந்து போய்ப் பற்றவைத்துக் கொடுக்கலாமா என்று நினைத்தேன். அவள் விடமாட்டாள். போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.